பதிவறையில் 5 வாட்

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் வாட் கணக்கு மேடைக்காக ஏறியது. டிரம்ஸுக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் மேலே கிட்டார் கேட்க வேண்டும் என்ற தேவைதான் 15 வாட்டை 30 ஆக்கியது, 30ஐ 100 ஆக்கியது. பிரிட்டனில் வாக்ஸ் நிறுவனம் 1958இல் ஏசி15ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டொரு ஆண்டுக்குள்ளேயே குழுக்கள் ஏசி30 கேட்டன. 1965 வாக்கில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்காக ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்பையும் ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கையும் செய்து கொடுத்தார். பதிவறையில் இந்தத் தேவை எதுவும் கிடையாது. அங்கே ஆம்பைக் கேட்பது ஒரு மைக். அது ஸ்பீக்கர் துணியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிற்கிறது. அரங்கத்தை நிரப்பும் சத்தத்தைச் சிறிய அறைக்குள் எழுப்புவது, மூடிய வீட்டுக்குள் நாகஸ்வரம் ஊதுவது போன்றது. வாத்தியத்தில் குறையில்லை, ஆனால் சுவர்கள்தான் கேட்கின்றன. பதிவுக்கு ஆம்ப் தேடுபவர் முதலில் கைவிட வேண்டியது இந்த மேடைக் கணக்கை.

இந்த இரு முனைகளையும், ஒரே கிட்டார் கலைஞரை வைத்து, மூன்றே ஆண்டு இடைவெளியில் பார்த்தவர் டாம் டௌட். இளவயதில் மன்ஹாட்டன் திட்டத்தில் இயற்பியல் வேலை பார்த்தவர். பிறகு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் தலைமை ஒலிப்பதிவாளர். 1967 மே மாதம், கிரீம் குழு 'டிஸ்ரேலி கியர்ஸ்' ஆல்பத்தைப் பதிய நியூயார்க்கிலிருந்த அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்கு வந்தது. அதில் கிட்டார் எரிக் கிளாப்டன். ஜாஸும் ரிதம் அண்ட் புளூஸும் பதிந்து பழகிய அறைக்குள் மார்ஷல் அடுக்குகள் வந்து இறங்கின. மூன்றே பேர் அவ்வளவு சத்தம் எழுப்பியதைத் தாம் அதுவரை பார்த்ததில்லை என்று டௌட் பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்தார்.

1970 ஆகஸ்ட் இறுதியில் அதே கிளாப்டன், மயாமியிலிருந்த கிரைட்டீரியா ஸ்டுடியோவுக்கு டெரெக் அண்ட் த டாமினோஸ் என்ற புதிய குழுவோடு வந்தார். தயாரிப்பாளர் டௌட். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டுவேன் ஆல்மனைக் கிளாப்டனுக்கு அறிமுகம் செய்து வைத்தவரும் அவர்தான். 'லைலா' என்று உலகம் சுருக்கமாகச் சொல்லும் அந்த இரட்டை ஆல்பம் அங்கே உருவானது. இந்த முறை மார்ஷல் மதில் எதுவும் வரவில்லை. கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஃபெண்டர் சாம்ப் வகை ஆம்ப்கள் வந்தன. முந்தைய சத்தத்தை எதிர்பார்த்திருந்த டௌட், பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயங்களில் இதுவும் ஒன்று. அவர் 2002இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தில், மிக்ஸிங் மேசையின் முன் உட்கார்ந்து 'லைலா' பாட்டின் கிட்டார் தடங்களை ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் காட்டுகிறார். ஒரு தடத்தின் மேல் இன்னொன்று ஏறும்போதும் ஒவ்வொரு கிட்டாரும் தன் இடத்தில் தனியாக நிற்கிறது. முதல்முறை அந்தக் காட்சியைப் பார்க்கும் எவரும் அந்த ஒலி பெரிய ஆம்பிலிருந்து வந்தது என்றே நினைப்பார்கள். சிறிய ஆம்பின் பக்கம் பேச வேறு சான்றே வேண்டாம் என்று சொல்லத்தக்க பதிவு அது.

சாம்ப், மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட ஆம்ப். 1948இல் சாம்பியன் 800 என்ற பெயரில், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரோடு சேர்த்து விற்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் வந்த, மஞ்சள் ட்வீட் துணி ஒட்டிய 5எஃப்1 வடிவம்தான் பதிவறைகளில் பேர் வாங்கியது. உள்ளே மூன்றே வால்வுகள்: சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு 5ஒய்3. வெளியே ஒரே ஒரு குமிழ், அது வால்யூம். எண் 12 வரை போகும். டோன் குமிழ் கிடையாது. 8 அங்குல ஸ்பீக்கர், பைன் மரப்பெட்டி, சுமார் 5 வாட். சிக்னல் போகும் பாதையில் இவ்வளவு குறைவான பாகங்கள் இருப்பதால், வாசிப்பவரின் விரலில் நடப்பது ஒலியில் மறையாமல் வந்துவிடுகிறது. மீட்டல் கூர்மையானால் ஒலி கடிக்கிறது, மென்மையானால் தெளிகிறது. கிட்டாரின் வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கினால் கரகரப்பு பாதி விலகிவிடுகிறது. டோன் குமிழ் இல்லாதது குறையாகத் தோன்றலாம். ஆனால் கிட்டாரில் இருக்கும் டோன் குமிழைப் பல வாசிப்பாளர்கள் முதல்முறை உருப்படியாகப் பயன்படுத்தக் கற்றதே இத்தகைய ஆம்பின் முன்னால்தான்.

வால்வு ஆம்பின் ருசி எங்கே பிறக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், வாட் ஏன் குறைய வேண்டும் என்பதும் விளங்கும். கரகரப்பு இரண்டு இடங்களில் உண்டாகலாம். முதலாவது, முன்நிலை வால்வு அளவுக்கு மேல் பெருக்கி, அலையின் தலையை வெட்டுவது. மாஸ்டர் வால்யூம் உள்ள பெரிய ஆம்ப்களில், குறைந்த சத்தத்தில் கிடைப்பது இதுதான். அது சிலருக்குப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் மெலிந்த, மொய்க்கிற ஒலி. இரண்டாவது, கடைநிலை வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் தம் எல்லையில் இழுபறிப்படுவது. ஒலி தடிப்பதும், நீளும் சுரம் தானாகவே அமுங்கி விரிவதும் இங்கேதான். 100 வாட் ஆம்பில் இந்த இரண்டாவது இடத்துக்குப் போவதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துவிடும். 5 வாட் ஆம்ப் குமிழின் பாதியிலேயே அங்கே போய்ச் சேர்கிறது. பதிவுக்குச் சிறிய ஆம்பைத் தேர்வதன் முழுக் காரணமும் இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

சாம்ப் போல ஒற்றைக் கடைநிலை வால்வு உள்ள ஆம்ப், அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே வால்வால் ஓட்டுகிறது. இரண்டும் சமமாக வளைவதில்லை. அதனால் இரண்டாம் ஒத்திசை, அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி, ஒலியில் கலக்கிறது. இரண்டு வால்வுகள் மாறி மாறித் தள்ளி இழுக்கும் புஷ்-புல் அமைப்பில் அந்த இரட்டைப்படை ஒத்திசைகள் கடைநிலையில் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. ஒலி இறுக்கமாகவும் நேராகவும் வருகிறது. மின்சப்ளையின் இரைச்சலும் அதே காரணத்தால் புஷ்-புல்லில் ரத்தாகிறது. ஒற்றை வால்வு ஆம்பில் ரத்தாவதில்லை. சின்ன ஆம்ப் 'ம்ம்' என்று முனகுகிறது என்ற முறையீட்டில் பாதி, பழுதைப் பற்றியதே அல்ல, அமைப்பின் இயல்பு. பாட்டு இடைவெளிகளில் தனியாக நிற்கும் கிட்டாருக்கு இந்த முனகல் தொல்லை. முழுக் குழுவோடு வாசிக்கும் கிட்டாருக்கு அது காதில் விழாது.

5ஒய்3 போன்ற ரெக்டிஃபயர் வால்வு பற்றியும் ஒரு வார்த்தை. பலமாக மீட்டும்போது மின்னழுத்தம் சற்றுத் தொய்ந்து, பிறகு மீண்டு, சுரத்துக்கு ஒரு மூச்சு கொடுக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மைதான், ஆனால் எல்லா ஆம்புக்கும் பொருந்தாது. ஒற்றை வால்வு ஆம்ப் சும்மா இருக்கும்போதும் வாசிக்கும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கிறது. தொய்வதற்கு அங்கே அதிக இடமில்லை. அந்தத் தொய்வை விரும்புபவர் தேட வேண்டியது, இரண்டு 6வி6 வால்வும் ரெக்டிஃபயர் வால்வும் கொண்ட 12 முதல் 20 வாட் வரையிலான ஆம்ப். நீல் யங் பல பத்தாண்டுகளாகக் கைவிடாமல் வைத்திருக்கும் 1959ஆம் ஆண்டு ட்வீட் டீலக்ஸ் அந்த இனம். அதன் அளவு சுமார் 15 வாட்தான்.

அடுத்து, சத்தம். சிறிய ஆம்ப் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல், அப்போதுதான் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகத் தெரியும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் ஒரு சாதாரண கிட்டார் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். அதற்கு 100 வாட் கொடுத்தால் 115 டெசிபல். 5 வாட் கொடுத்தால் 102. இருபதில் ஒரு பங்கு வாட்டுக்கு இறங்கியும் குறைந்தது 13 டெசிபல்தான். 15 வாட்டுக்குப் பதில் 5 வாட் வாங்கினால் மிச்சமாவது 5 டெசிபலுக்கும் குறைவு. முழுக்கத் திருகிய 5 வாட் ஆம்ப் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளல்ல. அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். 1 வாட்டும் அதே ஸ்பீக்கரில் 95 டெசிபல், கத்திப் பேசினால்தான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். சிறிய ஆம்பைச் சத்தமில்லாத ஆம்ப் என்று நம்பி வாங்கக் கூடாது. சரியான ஒலியை, தாங்கக்கூடிய சத்தத்தில் தரும் ஆம்ப் என்பதே சரி.

அந்த 13 டெசிபல் ஒலிப்பதிவாளருக்கு வேறு விதத்தில் மதிப்புள்ளது. ஒரே அறையில் டிரம்ஸும் கிட்டாரும் ஒன்றாக வாசிக்கப்படும்போது, டிரம் மைக்குகளுக்குள் கிட்டார் கசிவது அந்த அளவு குறைகிறது. வாசிப்பவர்கள் ஹெட்ஃபோன் இல்லாமலே ஒருவரையொருவர் பார்த்து, கேட்டு வாசிக்க முடிகிறது. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும் இரண்டு கிட்டார்களின் உரையாடல், ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில் அடைபட்டால் வராது. மயாமியில் நடந்தது வெறும் ஒலித்தரத்தின் விஷயமல்ல என்று சொல்லத் தோன்றுகிறது.

காதின் இயல்பும் கணக்கில் வர வேண்டும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வின்படி, சத்தம் குறையும்போது காது அடிச் சுரங்களையும் உச்சச் சுரங்களையும் குறைவாக உணர்கிறது. சத்தம் கூடும்போது எல்லாம் நிறைந்து தெரிகிறது. மைக்குக்கு இந்த வளைவு கிடையாது. அறைக்குள் பெரிய ஆம்பின் முன் நின்றவருக்கு நெஞ்சில் அதிர்ந்த ஒலி, கட்டுப்பாட்டு அறையின் சின்ன ஸ்பீக்கரில் சப்பென்று கேட்பதற்கு இது ஒரு காரணம். சிறிய ஆம்பின் முன் நின்று கேட்பதற்கும் பதிவில் கேட்பதற்கும் இடையே தூரம் குறைவு. அறையில் எடுத்த முடிவு பதிவிலும் நிலைக்கிறது.

வாட்டை விட ஸ்பீக்கரும் பெட்டியும் ஒலியை அதிகம் தீர்மானிக்கின்றன. கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். திறந்த முதுகுள்ள சின்னப் பெட்டியில் இருக்கும் 8 அங்குல ஸ்பீக்கர், அந்த அடியை முழுதாகத் தருவதில்லை. நடு ஒலிதான் அதன் பலம். தனியாகக் கேட்டால் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பாட்டில் அந்த அடி ஒலிப் பகுதி பாஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. பெரிய ஆம்பில் பதிந்த கிட்டாரின் அடியை மிக்ஸிங்கில் எப்படியும் வெட்ட வேண்டிவரும். 8 அங்குலம் அந்த வெட்டைப் பதிவிலேயே செய்து தந்துவிடுகிறது. ஒன்றன் மேல் ஒன்றாக நாலு கிட்டார் தடங்களைப் போடுபவருக்கு இது வரம்.

இதோடு மைக்கின் இயல்பு ஒன்று சேர்கிறது. முன்புறத்தை மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்குகள், ஒலி மூலத்துக்கு நெருங்க நெருங்க அடி ஒலியைத் தாமாகவே கூட்டிக் காட்டும். 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் கிட்டார் ஆம்புக்கு முன்னால் முதலில் நிற்கும் மைக். அதைச் சின்ன ஸ்பீக்கரின் துணிக்கு இரண்டு அங்குலத்தில் வைத்தால், ஸ்பீக்கரில் இல்லாத உடல் பதிவில் வந்துவிடுகிறது. மைக்குக்குத் தெரிவது ஸ்பீக்கரின் ஒரு சிறு வட்டம் மட்டுமே. அந்த வட்டம் 8 அங்குலத்தின் ஒரு பகுதியா, 12 அங்குலத்தின் ஒரு பகுதியா என்று அதற்குத் தெரியாது. ஸ்பீக்கரின் மையத்துக்கு நேரே ஒலி கூரியது, விளிம்புப் பக்கம் மங்கியது. அரை அங்குலம் நகர்த்துவது டோன் குமிழைக் கால் சுற்றுத் திருப்புவதற்குச் சமம். சிறிய ஸ்பீக்கரில் இந்த எல்லை இன்னும் நெருக்கமானது. மைக் ஸ்டாண்டை யாராவது முழங்காலால் இடித்துவிட்டால் நேற்றைய ஒலி இன்று கிடைக்காது. நிறுத்திய இடத்தை டேப் ஒட்டிக் குறித்து வைக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

வீட்டு அறையில் சிறிய ஆம்பை வைத்துப் பதிந்து பழகியவர்கள் அனைவருக்கும் பொதுவான சில நினைவுகள் உண்டு. மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்திலும் நிறுத்தத்தான் வேண்டும். ஆம்பின் சத்தம் குறைவாக இருப்பதால், கிட்டாரின் தந்தி நேராகக் காற்றில் எழுப்பும் 'டிக் டிக்' ஒலி மைக்குக்குள் புகும். பெரிய ஆம்பில் இது அமுங்கிப் போயிருக்கும். சிறிய ஆம்பில், அதிலும் தெளிவான டோனில், பிளெக்ட்ரத்தின் உரசல் தனியாகக் கேட்கும். வாசிப்பவர் ஆம்புக்கு முதுகு காட்டி இரண்டு மூன்று அடி நகர்ந்து உட்கார்ந்தாலே பாதி தீரும். நீளமான ஒயரோடு பக்கத்து அறைக்குப் போனால் முழுவதும் தீரும். பிறகு நடுக்கம். ஏதோ ஒரு சுரம், அந்த ஒரு சுரம் மட்டும், 'ஜிர்ர்' என்று கேட்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்ற பயம் முதலில் வரும். தேடிப் பார்த்தால் பின்பலகையின் தளர்ந்த திருகோ, வால்வைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கோ, அலமாரியில் இருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரோ அதிர்ந்துகொண்டிருக்கும். சிறிய ஆம்பில் வால்வுகளும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள், ஒன்றுக்கொன்று மிக அருகே இருப்பதால் இது சகஜம். சில சமயம் வால்வே உள்ளுக்குள் அதிரும். பென்சிலின் மரமுனையால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று பலமாகக் கேட்கும். அந்த வால்வை மாற்ற வேண்டியதுதான்.

ஆம்பைத் தரையில் வைப்பதா, நாற்காலியில் ஏற்றுவதா என்பதும் அனுபவத்தில் தீர்ந்த விஷயம். தரை அடி ஒலியைக் கூட்டும். ஆனால் சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி சில சுரங்களை விழுங்கும். நாற்காலி மேல் வைத்தால் அடி குறையும், தெளிவு கூடும். 8 அங்குலத்துக்குத் தரையும் 12 அங்குலத்துக்கு நாற்காலியும் என்று தொடங்கி, பிறகு காது சொல்கிறபடி மாற்றிக்கொள்வது நல்ல வழி.

சிறிய ஆம்பால் வந்த புகழ்பெற்ற பதிவுகள் லைலாவோடு முடிவதில்லை. லெட் செப்பலின் முதல் ஆல்பம் 1968 இலையுதிர் காலத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதியப்பட்டது. ஜிம்மி பேஜ் அங்கே பயன்படுத்தியது டெலிகாஸ்டர் கிட்டாரும் சிகாகோவில் செய்த சிறிய சுப்ரோ ஆம்பும். அவர் மைக்கை நெருக்கமாக மட்டும் வைப்பதில் நம்பிக்கையில்லாதவர். தூரத்தில் இன்னொரு மைக் வைத்து, அறையின் காற்றையும் சேர்த்துப் பிடித்தார். அந்த ஆல்பத்தின் விசாலம் பாதி அந்த அறையுடையது. நல்ல உயரமான அறை கிடைப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறையில் தூர மைக் வைத்தால் சுவர்தான் பதிவாகும்.

1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி, அதன் வெளியீட்டை வாக்ஸ் ஏசி30க்குள் செலுத்தினார். 'யூ ரியலி காட் மீ' பாட்டின் கிட்டார் அப்படிப் பிறந்தது. அதற்கும் முன்னால், 1951இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் பதிந்த 'ராக்கெட் 88' பாட்டில், பயணத்தில் பழுதான ஆம்பின் ஸ்பீக்கருக்குள் காகிதத்தை அடைத்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு பாட்டுக்கு அழகானது. கீத் ரிச்சர்ட்ஸ் 1968இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டுக்கு, மின்சாரமில்லாத கிட்டாரை ஒரு ஃபிலிப்ஸ் கேசட் ரெக்கார்டருக்குள் அளவுக்கு மீறிச் செலுத்தி அந்த ஒலியை எடுத்தார். இவற்றில் எதுவும் வாட் கணக்கில் தேறாது.

இவற்றுள் மிகச் சிறியது, குவீன் குழுவுடையது. பாஸ் கலைஞர் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் தெருவோரக் குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்துவந்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தினார். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு குமிழ்கூடக் கிடையாது. சக்தி 1 வாட்டுக்கும் குறைவு. பிரையன் மே தம் கிட்டாரை அதில் சொருகி, ஒரு டிரெபிள் பூஸ்டரையும் முன்னால் சேர்த்து, தடத்தின் மேல் தடமாக அடுக்கினார். 1975இல் வந்த 'எ நைட் அட் தி ஆபரா' ஆல்பத்தின் 'குட் கம்பெனி' பாட்டில் கேட்கும் பழங்கால ஜாஸ் குழு முழுவதும், டிராம்போன் உள்பட, அந்தப் பெட்டியின் வழியே வந்த கிட்டார்தான். தெளிவு, அடி ஒலி, சத்தம் மூன்றும் இல்லாத ஒரு பெட்டி. ஒரு குரல் மட்டும் இருந்தது. அந்தக் குரல் எந்தப் பாட்டுக்கு வேண்டும் என்று தெரிந்தவரிடம் அது சேர்ந்தது.

இன்று தேர்வு செய்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தமக்கு வேண்டியது தெளிவான டோனா, கரகரப்பா என்பதை. தெளிவான ஜாஸ், ஃபங்க் தாளக்கட்டு, எஃபெக்ட் பெடல்களை நம்பிய ஒலி, இவற்றுக்கு 5 வாட் ஒற்றை வால்வு ஆம்ப் பொருந்தாது. அதில் தெளிவு குமிழின் முதல் கால்பகுதியோடு முடிந்துவிடும். பலமாக மீட்டிய கார்டு கலங்கும். இத்தகையவருக்கு பிரின்ஸ்டன் ரிவர்ப் போன்ற 12 முதல் 15 வாட், அல்லது டீலக்ஸ் ரிவர்ப் போன்ற 22 வாட் ஆம்ப் சரி. புளூஸ், பழைய ராக், ஸ்லைடு வாசிப்பவருக்கு ஒற்றை வால்வு ஆம்ப் போதும், பல சமயம் அதுவே சிறந்தது. 6வி6 வால்வு வட்டமான, சற்று மெதுவான குணமுள்ளது. ஈஎல்84 வால்வு முன்னால் பாயும், மேல் ஒலியில் மினுக்கு உண்டு. வாக்ஸின் பழைய ஏசி4, பின்னால் வந்த எபிஃபோன் வால்வ் ஜூனியர் இரண்டும் ஈஎல்84 குடும்பம். 1 வாட் ஆம்ப்களில் வேறு உத்தி. பிளாக்ஸ்டார் எச்டி-1இல், வழக்கமாக முன்நிலையில் இருக்கும் ஈசிசி82 என்ற சின்ன வால்வையே கடைநிலையில் புஷ்-புல்லாக ஓட்டுகிறார்கள். மார்ஷலும் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, பத்தாண்டுக்கு ஒன்றாகத் தன் பழைய ஒலிகளை 1 வாட்டில் வெளியிட்டது.

வசதிகளில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளி ஸ்பீக்கர் இணைக்கும் துளை. அது இருந்தால், 5 வாட் ஆம்பை 12 அங்குலப் பெட்டியில் ஓட்டி வேறொரு ஆம்பாக்கிவிடலாம். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது கேட்டால்தான் நம்ப முடியும். ஓம் கணக்கு பொருந்த வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் வால்வு ஆம்பை வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். உள்ளிணைந்த ரிவர்ப், வித விதமான சேனல்கள் இவற்றுக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அவற்றைப் பதிவுக்குப் பிறகும் சேர்க்கலாம்.

கையில் ஏற்கெனவே பெரிய ஆம்ப் இருப்பவருக்கு அட்டெனுவேட்டர் என்ற வழி உண்டு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து, சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும் பெட்டி அது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1980களின் தொடக்கத்தில் விற்ற பவர் சோக் அந்த வகையில் பேர்பெற்றது. நாலைந்து டெசிபல் குறைக்க இது நல்ல வழி. அதற்கு மேல் போனால் ஸ்பீக்கர் உழைப்பதை நிறுத்திவிடுகிறது, ஒலி உயிரிழந்து தட்டையாகிறது; வால்வுகளும் முழு வெப்பத்திலேயே தேய்கின்றன.

பழைய ஆம்ப் வாங்குபவர் ருசிக்கு முன் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். 5 வாட்தானே என்ற அலட்சியம் உயிருக்கு ஆபத்து. சாம்பின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். இரண்டு முள் பிளக் இருந்தால் எர்த்தோடு கூடிய மூன்று முள்ளாக மாற்றியே ஆக வேண்டும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் வயதானால் வறண்டுபோகும், முனகல் கூடும். நல்ல மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். 1950, 60களில் அமெரிக்காவில் விற்ற மிக மலிவான சில சிறு ஆம்ப்களில் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவர் மின்சாரம் நேராக உள்ளே போய், கிட்டார் தந்தி வரை வரக்கூடிய அமைப்பு அது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தாமல் அவற்றைத் தொடக்கூடாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்பை இங்கே ஓட்டுபவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பின்பலகையில் 50/60 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அரை மணி ஓட்டி, மேல்தகட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் 230 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மராக மாற்றுவதே வழி.

கடைசியாகச் சோதனை. கடையில் தனியாக வாசித்துக் கேட்பது பாதிச் சோதனைதான். அங்கே பெரிய ஸ்பீக்கர்தான் எப்போதும் ஜெயிக்கும். முடிந்தால் இரண்டு ஆம்ப்களை இரவல் வாங்கி, ஒரே கிட்டாரில், ஒரே மைக்கில், ஒரே வாசிப்பைப் பதிந்து, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தி, பாஸும் டிரம்ஸும் உள்ள பாட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டும். சமப்படுத்தாமல் கேட்டால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தும் கூட்டியும், மெதுவாக மீட்டியும் ஓங்கி மீட்டியும் பதிய வேண்டும். கேட்கும்போது எந்த ஆம்ப் எது என்று பார்க்காமல், வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.